மடக்கு ரம்பம்: 170-ஆ, 240-ஆ? இல்லை, ரம்பமே வேண்டாமா?

நடைப்பித்தன் (பதிவு 1)

எல்லோருக்கும் வணக்கம். மூன்று நான்கு நாள் நடைப் பயணங்களுக்கு ஒரு மடக்கு ரம்பம் வாங்கலாம் என்று இருக்கிறேன். இதுவரை கத்தியை வைத்தே ஒப்பேற்றிவிட்டேன். போன தடவை மணிக்கட்டுப் பருமனில் ஒரு காய்ந்த கிளை. அதைக் கத்தியால் சுற்றிச் சுற்றிச் செதுக்கி ஒடிப்பதற்குள் கூட வந்தவர்கள் படுத்துத் தூங்கியே போய்விட்டார்கள். நெருப்பை நான் ஒருவனே அனுபவித்தேன்.

பார்த்து வைத்திருப்பவை மூன்று: ஜப்பானின் சில்கி நிறுவனத்து பாக்கெட்பாய் 170, அதே சில்கியின் காம்பாய் 240 (எண்கள் பிளேடின் நீளம், மி.மீ.-இல்), பாஹ்கோ நிறுவனத்து லாப்லாண்டர். இரவில் சின்னதாக ஒரு நெருப்பு, எப்போதாவது தார்ப்பாய்க்கு நாலு முளை. இவ்வளவுதான் என் தேவை. மூன்றையும் கையில் பிடித்துப் பார்க்கும் வாய்ப்பு இல்லை. பயன்படுத்தியவர்கள் சொல்லுங்கள்.

கிராம்கணக்கு (பதிவு 2)

170. அவ்வளவுதான், இழையைப் பூட்டிடலாம்.

சீரியஸா சொல்றேன். பாக்கெட்பாய் 170 இருநூறு கிராமைக் கொஞ்சம் தாண்டும். மடக்கினா பையோட பக்கவாட்டுப் பாக்கெட்லயே நிக்கும். 240 கிட்டத்தட்ட 300 கிராம் வந்துரும். நீங்க எரிக்கப்போறது மணிக்கட்டு மொத்த விறகு. அதுக்கு எதுக்கு அவ்ளோ நீளம்? பிளேடு நீளம் கூடக்கூட ஆசையும் கூடும், அடிமரத்தையே அறுக்கத் தோணும். சின்ன ரம்பம் ஆளைக் கட்டுப்பாட்டுல வைக்கும்.

தச்சன்மகள் (பதிவு 3)

கிராம்கணக்கு சொல்வது பாதி சரி. மீதிப் பாதிக்கு ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

ரம்பத்தின் முழு நீளமும் மரத்தை அறுப்பதில்லை. பிளேடு நீளத்திலிருந்து மரத்தின் தடிமனைக் கழித்தால் மிஞ்சுவதுதான் உங்கள் கை முன்னும் பின்னும் போகக் கூடிய தூரம். 5 செ.மீ. கிளை என்றால் 170-இல் 12 செ.மீ. இழுப்பு கிடைக்கும், 240-இல் 19. இரண்டுமே தாராளம். அதே மரம் 10 செ.மீ. ஆனால் 170-இல் வெறும் 7 செ.மீ., 240-இல் 14. சரியாக இரண்டு மடங்கு.

அது மட்டும் இல்லை. பல்லுக்கும் பல்லுக்கும் நடுவில் இருக்கும் பள்ளத்தில்தான் மரத்தூள் சேரும். அந்தப் பல் மரத்தைவிட்டு வெளியே வரும்போதுதான் தூள் கொட்டும். 10 செ.மீ. மரத்தில் 7 செ.மீ. மட்டுமே நகர்ந்தால் பிளேடின் நடுப்பற்கள் வெளியே தலைகாட்டவே முடியாது. பள்ளம் நிரம்பிவிடும், அப்புறம் ரம்பம் அறுக்காது, தேய்க்கும். எல்லாப் பல்லும் வெளியே வந்து போக வேண்டும் என்றால் பிளேடு மரத்தின் தடிமனைப்போல் இரண்டு மடங்காவது இருக்க வேண்டும். என் அப்பா பட்டறையில் இதை யாரும் கணக்காகச் சொல்லித் தரவில்லை. "ரம்பம் மூச்சு விடணும்" என்பார்கள், அவ்வளவுதான். இதைத்தான் சொல்லியிருக்கிறார்கள் என்று எனக்குப் பிடிபட ரொம்ப நாள் ஆனது.

ஆகவே 170 என்றால் எட்டு, எட்டரை செ.மீ. வரை சுகம். 240 என்றால் 12 வரை சுகம். லாப்லாண்டர் பிளேடு 190 மி.மீ., இரண்டுக்கும் நடுவில். அதற்கு மேலும் அறுக்கலாம், முடியாது என்பதில்லை. சுற்றிச் சுற்றி வந்து அறுக்க வேண்டும், வியர்க்கும்.

இன்னொன்று. தடிமன் இரண்டு மடங்கானால் அறுக்க வேண்டிய பரப்பு நான்கு மடங்காகும். 5 செ.மீ. கிளைக்கு ஏறத்தாழ 20 சதுர செ.மீ., 10 செ.மீ. கிளைக்கு 78-க்கு மேல். அதனால் முதலில் ரம்பத்தை அல்ல, விறகை முடிவு செய்யுங்கள்.

சுள்ளிபொறுக்கி (பதிவு 4)

நான் சொல்லப்போவது யாருக்கும் பிடிக்காது என்று தெரியும். எதையும் வாங்காதீர்கள்.

பனி இல்லாத காலத்து நடை, சின்ன நெருப்பு. இதற்கு ரம்பம் எதற்கு? லீவ் நோ டிரேஸ், அதாவது காட்டில் தடம் விடாமல் நடந்துகொள்வதற்கான கொள்கைகள் ஏழு இருக்கின்றன, அதில் நெருப்பு பற்றிய பகுதியைப் படித்துப் பாருங்கள். தரையில் விழுந்து கிடப்பது, காய்ந்தது, கையால் ஒடிக்க முடிந்தது. இதைத் தாண்டிய விறகைத் தொட வேண்டாம் என்பதுதான் அதன் சாரம். கையால் ஒடிக்க முடியாத கட்டை இரவு முழுக்க எரிந்தும் தீராது. காலையில் பாதி கருகிய கட்டையை விட்டுவிட்டு வருவீர்கள். விரல் மொத்தச் சுள்ளி சாம்பலாகிவிடும், இடமும் சுத்தம்.

கொஞ்சம் பருமனான நீளக் கிளை கிடைத்தால் இரண்டு மரம் நெருக்கமாக நிற்கும் இடத்தில் நடுவே செருகி, மறுமுனையைப் பிடித்துத் தள்ளுங்கள். நெம்புகோல்தான். பட்டென்று ஒடியும். முகத்தை மட்டும் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். அப்படியும் ஒடியாவிட்டால் நடுப்பகுதியை நெருப்பின் மேல் போட்டு விடுங்கள். நெருப்பே இரண்டாக அறுத்துக் கொடுக்கும். 0 கிராம்.

கிராம்கணக்கு (பதிவு 5)

0 கிராம்னு சொன்னதும் என் கண்ணுல தண்ணி வந்துருச்சு. என் பேரையே உங்களுக்குக் குடுத்துடறேன்.

பனிக்கூடாரம் (பதிவு 6)

சுள்ளிபொறுக்கி ஐயா பேசுவது பனி இல்லாத காட்டைப் பற்றி. முழங்கால் அளவு பனி கிடக்கும்போது தரையில் சுள்ளி தேடிப் பார்க்கட்டும்.

நான் கூடாரத்துக்குள் சின்னத் தகர அடுப்பு வைத்துப் படுக்கிறவன். அடுப்பு வாய்க்கு ஒரு சாண் நீளத் துண்டுதான் போகும். ஒரு ராத்திரிக்கு முப்பது நாற்பது அறுப்பு அறுக்க வேண்டும். கை ரம்பத்தில் அதைச் செய்தால் மறுநாள் தோள் தூக்க முடியாது. அதற்கு மடக்கு வில் ரம்பம்தான், ஒரு சட்டத்தில் பிளேடை இழுத்துக் கட்டியது. அகாவா போரியல் 21 வைத்திருக்கிறேன். 21 அங்குல பிளேடு, அதாவது 53 செ.மீ. மடக்கினால் பிளேடு சட்டத்துக்குள்ளேயே ஒளிந்துகொள்ளும். கையுறையைக் கழற்றாமல் விரித்துவிடலாம். வில் ரம்பத்துக்குப் பிளேடிலும் இரண்டு வகை. காய்ந்த மரத்துக்கு ஒரே மாதிரி முக்கோணப் பல். பச்சை மரத்துக்கு இடையிடையே தூளை வாரித் தள்ளும் தனிப் பல் இருக்கும். இதைப் பார்க்காமல் வாங்கிவிட்டு ரம்பத்தைத் திட்டுகிறவர்கள் அதிகம்.

ஒரு குறை: சட்டம் இருப்பதால் தடித்த மரத்தில் பாதிக்கு மேல் போனதும் சட்டம் மரத்தில் இடிக்கும். நெருக்கமான கிளைகளுக்குள்ளும் நுழையாது.

நடைப்பித்தனுக்கு இது வேண்டாம். இழையைப் படிக்கும் வேறு யாருக்காவது உதவும் என்று எழுதினேன்.

நடைப்பித்தன் (பதிவு 7)

தச்சன்மகள் அக்காவின் கணக்கைப் படித்துவிட்டு வீட்டில் டேப் எடுத்து என் மணிக்கட்டை அளந்தேன். குறுக்கே 6 செ.மீ. கணக்குப்படி 170 போதும். ஆனால் சுள்ளிபொறுக்கி சொன்னதைப் படித்ததும் அதுவும் தேவையா என்று குழப்பம். ரம்பம் வாங்க வந்தவனைத் துறவியாக்கிவிடுவீர்கள் போலிருக்கிறது.

ஒரு சந்தேகம். மழையில் என்ன செய்வது? போன தடவை சுள்ளி எல்லாம் ஊறிப் போயிருந்தது.

நனைந்தசாக்ஸ் (பதிவு 8)

அதுக்குத்தான் ரம்பம். நான் ரம்பம் தூக்குறதே மழைக்காகத்தான், வெயில் காலத்துல வீட்டுலயே கிடக்கும்.

ரெண்டு நாள் தொடர்ந்து பேஞ்சா சுள்ளி உள்ள வரைக்கும் நனைஞ்சிடும், ஏன்னா அதுல உள்ளன்னு ஒண்ணே கிடையாது. ஆனா மணிக்கட்டு மொத்தக் கட்டையில தோல்தான் நனைஞ்சிருக்கும், நடுவுல காய்ஞ்சே இருக்கும். தரையில படுத்துக் கிடக்குற கட்டை வேணாம், அது கீழேருந்து ஈரத்த உறிஞ்சிருக்கும். வேற கிளை மேல சாஞ்சு, மண்ணுல படாம நிக்குற காஞ்ச கட்டையாப் பாருங்க. ஒரு சாண் நீளத்துக்கு நாலு துண்டு அறுங்க. ரெண்டு முனையும் ரம்பத்துல நேரா அறுத்திருந்தா நிக்க வெச்சு, கத்தியை மேல வெச்சு, இன்னொரு கட்டையால தட்டினா நெடுக்குல பிளந்துக்கும். உள்ள இருக்குற வெள்ளை மரத்துலேருந்து மெல்லிசா சீவல் சீவுங்க. அது பத்திக்கும். அறுக்கும்போது கீழ ஒரு துணி விரிச்சா உள்மரத்தோட தூளும் கிடைக்கும், சீவலோட சேத்துப் போடலாம். நாலே துண்டுதான். அதுல பத்துன நெருப்பு மேல ஈரச் சுள்ளியக் காய வெச்சே ஓட்டிடலாம்.

ரம்பம் இல்லாம இதைச் செய்ய முடியாதான்னா, கோடாலியால முடியும். ஆனா களைச்சுப் போன கையில, மழையில, இருட்டுல கோடாலிய ஓங்குற ஆளுக்குப் பக்கத்துல நான் நிக்க மாட்டேன்.

சுள்ளிபொறுக்கி (பதிவு 9)

மழை வாதத்தை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் நின்றுகொண்டே காய்ந்த மரத்தை அடியோடு அறுப்பதை ஏற்க மாட்டேன். அது பறவைக்கும் பூச்சிக்கும் வீடு. சாய்ந்து கிடக்கும் கிளை வேறு, நிற்கும் மரம் வேறு. பல காப்புக்காடுகளில் விழுந்த விறகைப் பொறுக்குவதற்கே தடை உண்டு. ரம்பத்தை எடுத்துக்கொண்டு போகும் முன் போகும் இடத்தின் விதியைப் படித்துவிடுங்கள்.

ஒடித்தவன் (பதிவு 10)

என் பெயரே கதையைச் சொல்லும். புது ரம்பம், முதல் நாள், மூன்றாவது கிளை. பிளேடு நடுவில் டக்கென்று போனது. எந்த நிறுவனம் என்று கேட்காதீர்கள், தப்பு என்னுடையது. பள்ளிக்கூடத்து மரவேலை வகுப்பில் பழகிய மாதிரி முன்னால் தள்ளி அறுத்தேன்.

தச்சன்மகள் (பதிவு 11)

ஒடித்தவன் மனம் திறந்து சொன்னதற்கு நன்றி. இதைத்தான் நான் எழுத மறந்தேன்.

இந்த மடக்கு ரம்பங்களில் பெரும்பாலானவை இழுவை ரம்பங்கள். பல் கைப்பிடியைப் பார்த்துச் சாய்ந்திருக்கும். இழுக்கும்போது பிளேடு விறைத்து நேராக நிற்கும், தள்ளும்போது வளையப் பார்க்கும். ஒரு காகிதப் பட்டையை இரண்டு பக்கமும் பிடித்து இழுத்துப் பாருங்கள், பிறகு தள்ளிப் பாருங்கள், புரியும். இழுத்தே அறுப்பதால்தான் பிளேடை மெல்லியதாகச் செய்ய முடிகிறது. மெல்லியது என்றால் அறுக்கும் தடம் குறுகல், தூளாக்க வேண்டிய மரமும் குறைவு. ஜப்பான் ரம்பம் வெண்ணெயில் போவது மாதிரிப் போவதற்கு ரகசியம் இதுதான்.

இழுக்கும்போது வேலை செய்யுங்கள், திரும்ப அனுப்பும்போது கையைத் தளர விடுங்கள். அழுத்தவே தேவையில்லை. அழுத்தத் தோன்றினால் பல் மழுங்கியிருக்கிறது, இல்லை மரம் ரம்பத்தைக் கவ்வுகிறது.

கவ்வுவதுதான் பிளேடு ஒடிவதற்கு இன்னொரு காரணம். ஒரு கட்டையின் இரண்டு முனையும் எதன் மேலாவது தாங்கி நிற்கிறது, நடுவில் அறுக்கிறீர்கள் என்றால் அறுக்க அறுக்கக் கட்டை நடுவில் தொய்யும், மேல் வாய் மூடும், பிளேடு மாட்டிக்கொள்ளும். அப்படி இருந்தால் முதலில் மேலிருந்து கால்வாசி அறுத்துவிட்டு மீதியைக் கீழிருந்து மேலாக அறுங்கள். ஒரு முனை மட்டும் தாங்கி மறுமுனை அந்தரத்தில் தொங்கினால் இதற்கு நேர்மாறு: முதலில் அடியில் கொஞ்சம், பிறகு மேலிருந்து. மாட்டிக்கொண்டால் ரம்பத்தை முறுக்காதீர்கள். கட்டையைத் தூக்கிப் பிடியுங்கள், வாய் தானே திறக்கும்.

தரையிலேயே படுத்திருக்கும் கட்டைக்குக் கீழே இன்னொரு கிளையை முட்டுக்கொடுத்துவிட்டு அறுங்கள். மண்ணில் ஒருமுறை உரசினால் போதும், பல் போய்விடும்.

நடைப்பித்தன் (பதிவு 12)

பல் மழுங்கினால் அரம் போட்டுத் தீட்டலாமா?

தச்சன்மகள் (பதிவு 13)

பல்லின் நுனி மட்டும் கருத்து, நீலம் பாய்ந்த மாதிரி இருந்தால் முடியாது. மின்சாரத்தால் நுனியை மட்டும் கண நேரம் சூடாக்கிக் கடினப்படுத்தியிருக்கிறார்கள். அரம் வழுக்கும். பிளேடையே மாற்ற வேண்டியதுதான். அதனால் வாங்கும் முன் மாற்று பிளேடு தனியாகக் கிடைக்கிறதா என்று பாருங்கள். என்னைக் கேட்டால் பூட்டு, கைப்பிடி எல்லாவற்றையும்விட இதற்குத்தான் முதலிடம்.

இடக்கை (பதிவு 14)

இதுவரை யாரும் ரத்தத்தைப் பற்றிப் பேசவில்லை.

மடக்கு ரம்பத்தில் காயம் படுவது பெரும்பாலும் முதல் இரண்டு இழுப்பில்தான். தடம் விழுவதற்குள் பிளேடு துள்ளும், மரத்தைப் பிடித்திருக்கும் கையில் ஏறும். எனக்கு ஆள்காட்டி விரலில் ஏறியது. கத்திக் காயம் கோடு மாதிரி இருக்கும், மூடிக்கொள்ளும். ரம்பக் காயம் சதையைப் பிய்த்திருக்கும். பத்து நிமிஷம் அழுத்திப் பிடித்து, கட்டுப் போட்டு, அன்றைக்கே இறங்கிவிட்டேன். ஆற மூன்று வாரம்.

இப்போது மரத்தைக் கையால் பிடிப்பதே குறைவு, காலால் மிதித்துக்கொள்வேன். பிடித்தே ஆக வேண்டும் என்றால் ஒரு முழம் தள்ளி, பிடிக்கிற கையில் தோல் கையுறை. முதல் இழுப்பு பிளேடின் அடிப் பக்கத்துப் பல்லால், மெதுவாக. மடக்கும்போதும் கவனம், நிறைய பேர் அப்போதுதான் விரலைக் கொடுக்கிறார்கள்.

பூட்டும் முக்கியம். லாப்லாண்டரில் எனக்குப் பிடித்தது, விரித்த நிலையிலும் பூட்டும், மடக்கிய நிலையிலும் பூட்டும். பைக்குள் தானாகத் திறந்து தூங்கும் பையைக் கிழிக்காது. விமானத்தில் போகிறவர்கள் கைப்பையில் வைத்துவிட்டுப் பாதுகாப்புச் சோதனையில் இழக்காதீர்கள். பதிவு செய்யும் பெட்டிக்குள் போடுங்கள்.

நனைந்தசாக்ஸ் (பதிவு 15)

பல் எண்ணிக்கை பத்தி ஒரு குட்டிக் குறிப்பு, ஏன்னா நான் ஏமாந்தேன். சில்கில 8, 10னு போட்டிருக்கறது 30 மி.மீ.க்கு எத்தனை பல்னு. லாப்லாண்டர்ல 7னா அது அங்குலத்துக்கு. 30 மி.மீ.க்கு 8னா அங்குலத்துக்கு 6.8 வரும், அதாவது ரெண்டும் ஏறக்குறைய ஒண்ணுதான். நான் 8 பெருசு, 7 சின்னதுன்னு நெனச்சு ஒரு வாரம் மண்டையக் குழப்பிக்கிட்டேன். பச்சை மரம், மெதுமரம்னா பெரிய பல்லு. காஞ்ச கெட்டி மரம், மூங்கில்னா சின்னப் பல்லு, இல்லாட்டி நார் நாராக் கிழிக்கும்.

கிராம்கணக்கு (பதிவு 16)

அப்ப ஓபினெல் 12 ரம்பம் யாரும் சொல்லலயே? 12 செ.மீ. பிளேடு, மரக் கைப்பிடி, வளையத்தைத் திருப்பினா பூட்டு. அக்கா கணக்குப்படி 6 செ.மீ. வரைக்கும் மூச்சு விடும். நடைப்பித்தன் மணிக்கட்டு கரெக்டா 6!

தச்சன்மகள் (பதிவு 17)

கணக்கு சரி. ஆனால் விளிம்பிலேயே நிற்கும் கருவி வேண்டாம். காட்டில் கிடைக்கும் கிளை உங்கள் மணிக்கட்டை அளந்துகொண்டு வளர்வதில்லை.

நடைப்பித்தன் (பதிவு 18, ஐந்து வாரம் கழித்து)

போய் வந்துவிட்டேன், நான்கு இரவு. எல்லோரும் சொன்னதைக் கேட்டுக்கொண்டு கடைசியில் 170-ஏ வாங்கினேன், பெரிய பல். கூட வந்த நண்பர் 240 வைத்திருந்தார். அதனால் இரண்டையும் ஒரே கட்டையில் போட்டுப் பார்க்க முடிந்தது.

மணிக்கட்டுக் கிளையில் வித்தியாசமே தெரியவில்லை. எண்ணிப் பார்த்ததில் என்னுடையதற்கு நாலைந்து இழுப்பு கூட, அவ்வளவுதான். பிறகு விளையாட்டாக ஒரு 11 செ.மீ. கட்டையை எடுத்தோம். அவர் பேசிக்கொண்டே அறுத்து முடித்தார். நான் பாதி வழியில் நின்றேன். பிளேடை வெளியே எடுத்தால் பல் இடுக்கு முழுக்க மாவு மாதிரித் தூள் அப்பிக் கிடந்தது. அக்கா சொன்ன மூச்சு அன்றுதான் புரிந்தது. அந்தக் கட்டையைக் கடைசியில் நெருப்பில் போடவே இல்லை, உட்கார வைத்துக்கொண்டோம்.

சுள்ளிபொறுக்கி ஐயாவுக்கு ஒரு வாக்குமூலம். முதல் இரண்டு இரவும் வானம் தெளிவு, ரம்பத்தை வெளியே எடுக்கவே இல்லை, சுள்ளியே போதுமாக இருந்தது. மூன்றாம் இரவு மழை. நனைந்தசாக்ஸ் சொன்னபடி நாலு துண்டுக்குப் பதில் ஆறு துண்டு அறுத்தேன், முதல் இரண்டைப் பிளக்கத் தெரியாமல் வீணாக்கியதால். நெருப்பு பிடித்தது. நான்காம் இரவு எங்களுக்கு நெருப்பு மூட்டவே தெம்பில்லை.

இப்போது ஒரு பிரச்சினை. ஊசியிலை மரத்துப் பிசின் பிளேடில் ஒட்டிக் கறுத்துப் போயிருக்கிறது, மடக்கினால் பூட்டு இறுகுகிறது. எப்படிக் கழுவுவது?

சுள்ளிபொறுக்கி (பதிவு 19)

நாலில் ஒரு இரவு. 200 கிராமை மற்ற மூன்று நாளும் சும்மா சுமந்திருக்கிறீர்கள். சரி, மழை பெய்தது. விட்டுவிடுகிறேன்.

இடக்கை (பதிவு 20)

தண்ணீரால் பிசின் போகாது. கொஞ்சம் சமையல் எண்ணெய் தடவிப் பத்து நிமிஷம் ஊற விட்டு, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் பல்லின் போக்கிலேயே தேயுங்கள், எதிர்த்துத் தேய்த்தால் பிரஷ்தான் போகும். மிச்சத்தை ஆல்கஹால் நனைத்த துணியால் துடையுங்கள். பூட்டு இருக்கும் திருகாணிப் பக்கம் தூள் அடைத்திருக்கும், அதையும் தட்டி எடுங்கள். நன்றாகக் காய்ந்த பிறகு ஒரு துளி மெல்லிய எண்ணெய். ஈரத்தோடு மடக்கி வைக்காதீர்கள்.

கையுறை போட்டுக்கொண்டு துடையுங்கள். நான் போடாமல் துடைத்தேன், அது இரண்டாவது காயம்.